பழுப்பாய்ப் பிறந்த வெள்ளி

சில்வர் நைட்ரேட்டைக் கையுறை இல்லாமல் தொட்டவர்களை விரலைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். தொட்டதும் ஒன்றும் தெரியாது. வெயிலில் நடந்து விடுதிக்குப் போய்ச் சேர்வதற்குள் விரல்நுனி சாம்பல் பூத்துவிடும். மறுநாள் காலையில் கறுத்திருக்கும். சோப்புக்கும் போகாது, எலுமிச்சைக்கும் போகாது, தோல் உரிந்தால்தான் போகும். முதுகலை நுண்ணுயிரியல் படித்தபோது என் வலது கட்டைவிரலில் அந்தக் கறை பத்து நாள் இருந்தது. தோலின் புரதமும் வெயிலும் சேர்ந்து, கரைசலில் இருந்த வெள்ளி அயனியை மறுபடி உலோகமாக்கிவிட்ட அடையாளம் அது. அதே மாற்றத்தை ஒரு பூஞ்சை குடுவைக்குள் அளவோடும் ஒழுங்கோடும் செய்து காட்டும் என்று அப்போதுதான் படித்துக்கொண்டிருந்தேன். என் விரலில் கறையாகத் திரண்ட வெள்ளி, அங்கே புண்ணை ஆற்றும் மருந்தாகப் போகும் துகளாகத் திரண்டது.

அந்தத் துகள் எங்கிருந்து புறப்பட்டு எங்கே போய்ச் சேர்கிறது என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். ‘பசுமை முறை’ என்று அதை எல்லோரும் பாராட்டுகிறோம். அந்தப் பாராட்டு அதன் பயணத்தில் எந்தப் பகுதிக்குப் பொருந்தும் என்பது முழு வழியையும் நடந்து பார்த்தால்தான் தெரியும்.

முதல் ஊர் ராஜஸ்தானில் இருக்கிறது. இந்தியச் சுரங்கங்களில் கிடைக்கும் வெள்ளியில் பெரும்பங்கு உதயப்பூர், ராஜ்சமந்த், பில்வாடா வட்டாரத்து ஈய-துத்தநாகச் சுரங்கங்களிலிருந்து வருவது. வெள்ளிக்கென்று தனியாக யாரும் அங்கே தோண்டுவதில்லை. ஈயமும் துத்தநாகமும் கந்தகத்தோடு பிணைந்திருக்கும் தாதுவில், வெள்ளியும் கந்தகத்தோடு பிணைந்து ஒட்டிக்கொண்டு வருகிறது. ஈயத்தோடு உருகி, பிறகு பிரிக்கப்பட்டு, உத்தராகண்டின் பந்த்நகரில் சுத்தமாகிக் கட்டியாக வெளியே வருகிறது. அதை நைட்ரிக் அமிலத்தில் கரைத்தால் செம்பழுப்புப் புகை எழும்பும். மூச்சில் இழுத்தால் நுரையீரலை அரிக்கும் புகை. கரைசலை வற்றவைத்தால் நிறமற்ற படிகம் மிஞ்சும். ஒளி பட்டால் கெடும் என்பதால் பழுப்புக் கண்ணாடிப் பாட்டிலில் அடைக்கிறார்கள். ஆய்வகத்துக்கு வந்து சேரும் சில்வர் நைட்ரேட் இதுதான். பூஞ்சையின் பங்கு இதற்குப் பிறகே தொடங்குகிறது. சுரங்கத்துக்கும் அமிலத்துக்கும் அது பொறுப்பேற்க முடியாது.

மருத்துவத்தில் வெள்ளி புதிதாக நுழைந்த ஆள் இல்லை. வெள்ளிப் பாலாடையும் சித்த மருத்துவத்தின் வெள்ளி பற்பமும் நமக்குப் பழக்கமானவை. ஜெர்மனியின் லைப்சிக் நகரில் கார்ல் கிரெடே என்ற மகப்பேறு மருத்துவர், 1880 வாக்கில், பிறந்த குழந்தையின் கண்ணில் 2 சதவீத சில்வர் நைட்ரேட் சொட்டு விடத் தொடங்கினார். பிறப்பின்போது தாயிடமிருந்து தொற்றிக் குழந்தையின் பார்வையைப் பறித்த நோய், அவருடைய மருத்துவமனையில் நூற்றுக்குப் பத்து என்ற அளவிலிருந்து ஒன்றுக்கும் கீழே இறங்கியது. 1965இல் அமெரிக்க அறுவை மருத்துவர் மோயர், பெரிய தீக்காயங்களுக்கு 0.5 சதவீதக் கரைசலில் நனைத்த துணியைப் போட்டுப் பலன் கண்டார். 1968இல் சார்ல்ஸ் ஃபாக்ஸ், வெள்ளியை சல்ஃபாடயசின் என்ற மருந்தோடு சேர்த்தார். தீக்காயப் பிரிவுகளில் இன்றும் தடவும் வெள்ளைக் களிம்பு அப்படி வந்தது.

இவற்றில் எல்லாம் வேலை செய்தது வெள்ளி அயனி. அயனிக்கு ஒரு பலவீனம் உண்டு: புண்ணில் ஊறும் நீரில் உப்பும் புரதமும் இருப்பதால், போன வேகத்தில் அவற்றோடு ஒட்டிச் செயலிழந்துவிடும். அதனால்தான் மோயரின் துணியைத் திரும்பத் திரும்ப நனைக்க வேண்டியிருந்தது. தீக்காயத்துக்குக் கட்டு மாற்றுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர்களுக்கு, ஒரு நாளில் ஒரு கட்டு குறைந்தால் அது எவ்வளவு பெரிய கருணை என்று தெரியும். ஒரேயடியாகக் கொட்டாமல், சொட்டுச் சொட்டாக அயனியை விட்டுக்கொண்டே இருக்கும் சின்னஞ்சிறு சேமிப்புக் கிடங்கு ஒன்று தேவைப்பட்டது. நானோ துகள் அந்த வேலைக்குப் பொருத்தமாக வந்தது.

துகளைச் செய்வது வேதியியலாளர்களுக்குக் கடினமில்லை. அமெரிக்காவில் கேரி லீ 1889லேயே சிட்ரேட்டோடு வெள்ளிக் கூழ்மம் செய்துவிட்டார். பின்னால் வந்தவர்கள் சோடியம் போரோஹைட்ரைடு, ஹைட்ரசின் போன்ற, அயனியை உலோகமாக்கும் வீரியமான ஒடுக்கிகளைப் பயன்படுத்தினார்கள். துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டி தட்டாமல் இருக்க வேறு வேதிப்பொருளும் வேண்டும். ஹைட்ரசின் நஞ்சு. அது துளி மிச்சமிருந்தாலும் புண்ணில் வைக்க யாருக்கு மனம் வரும்?

பூஞ்சைக்கு வருவோம். நாம் உணவை வயிற்றுக்குள் அனுப்பிச் செரிக்கிறோம். பூஞ்சைக்கு வயிறு கிடையாது. மட்கிய கட்டையிலும் பழைய சோற்றிலும் படர்ந்து, நொதிகளை வெளியே கொட்டி, உணவை அங்கேயே செரித்துப் பிறகு உறிஞ்சிக்கொள்கிறது. அது வளரும் நீரில் புரதங்கள் தாராளமாகக் கலந்திருப்பது அதனால்தான். உலோகம் கலந்த சூழலையும் பல பூஞ்சைகள் தாங்கும். இன்னொரு வசதி, ஆய்வகத்தில் கை நனைத்தவர்களுக்கே புரிவது: பாக்டீரியாவை நீரிலிருந்து பிரிக்க மையவிலக்கில் மல்லுக்கட்ட வேண்டும். பூஞ்சையோ இழை இழையாகச் சேர்ந்து மெத்தை போலத் திரள்வதால், வடிதாளில் ஊற்றினால் தானாகவே நிற்கும்.

புணேயில் உள்ள தேசிய வேதியியல் ஆய்வகத்தில் முரளி சாஸ்திரி, அப்சார் அகமது ஆகியோரின் குழு 2001இல் வெர்டிசிலியம் என்ற பூஞ்சையை வெள்ளி அயனிக் கரைசலில் போட்டது. பூஞ்சை பழுப்பானது, சுற்றியிருந்த நீர் தெளிவாகவே இருந்தது. துகள்கள் உயிரணுவின் சுவரையொட்டி உள்ளே தங்கிவிட்டன. அழகான கண்டுபிடிப்புதான், ஆனால் எடுத்துப் பயன்படுத்தத் தோதில்லை. உயிரணுக்களை உடைத்தால்தான் துகள் கிடைக்கும். 2003இல் அதே குழு ஃபியூசேரியம் ஆக்ஸிஸ்போரம் என்ற பூஞ்சையை எடுத்தது. இந்த முறை நீரே பழுப்பானது. 5 முதல் 15 நானோமீட்டர் அளவுள்ள துகள்கள் வெளியே நீரில் மிதந்தன, பூஞ்சை சுரந்த புரதம் அவற்றைப் போர்த்தியிருந்தது.

நம் வாழை விவசாயிகளுக்கு ஃபியூசேரியம் ஆக்ஸிஸ்போரம் ஆகாத பெயர். ரஸ்தாளித் தோட்டத்தை மஞ்சளாக்கி, தண்டைப் பிளந்தால் உள்ளே செம்பழுப்புக் கோடுகளாகத் தெரியும் பனாமா வாடல் நோய் இந்த இனத்தின் ஒரு வகையால் வருவது. வாழைக்கு ஒரு வகை, தக்காளிக்கு ஒரு வகை என்று பயிருக்குப் பயிர் இதன் வகை மாறும். ஒரு குடும்பத்தை நொடிக்கச் செய்யும் பூஞ்சையின் இனத்திலேயே இப்படி ஒரு திறமையும் இருப்பதைப் படித்த நாளில், ரஸ்தாளி போட்டு நொடிந்த என் சித்தப்பாவின் முகம்தான் நினைவுக்கு வந்தது.

அந்தப் பூஞ்சை எப்படிச் செய்கிறது? நைட்ரேட்டை ஒடுக்கும் ஒரு நொதியின் வழியாக என்று புணே குழு கருதியது. 2007இல் அந்த நொதியைத் தனியே பிரித்தெடுத்து, துணைப்பொருள்களோடு வெள்ளி அயனியில் சேர்த்து, பூஞ்சையே இல்லாமல் துகளை உண்டாக்கிக் காட்டினார்கள். பிரேசிலில் கம்பினாஸ் பல்கலைக்கழகத்தின் நெல்சன் துரான் 2005இல், நொதியோடு ஆந்த்ராகுவினோன் என்ற நிறமிப் பொருளும் எலக்ட்ரானைக் கைமாற்றித் தருகிறது என்றார். எல்லாப் பூஞ்சைக்கும் இது ஒன்றே வழி என்று சொல்லிவிட முடியாது.

இனி குடுவையைக் கிட்டப்போய்ப் பார்க்கலாம். உருளைக்கிழங்கு ஊடகத்தில் ஃபியூசேரியம் வெள்ளைப் பஞ்சு போல வளரும். தட்டைத் திருப்பினால் அடியில் இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த நிறம். அதிலிருந்து ஒரு துண்டை வெட்டித் திரவ ஊடகத்தில் போட்டு, 28 டிகிரி வெப்பத்தில் ஷேக்கரில் மூன்று நான்கு நாள் சுழலவிட வேண்டும். பிறகு வடித்து, ஊடகம் துளியும் ஒட்டாமல் காய்ச்சி வடித்த நீரில் பலமுறை அலச வேண்டும். ஈரப்பூஞ்சையில் 10 கிராம் எடுத்து 100 மில்லி நீரில் மூன்று நாள் ஊறப்போட்டு, வடிதாளில் வடித்தால் வெளிறிய, தெளிந்த நீர் கிடைக்கும். அந்த நீரில் சில்வர் நைட்ரேட் 17 மில்லிகிராம் சேர்த்தால் போதும். உப்புக் கல் ஒன்றிரண்டின் அளவுதான். இருட்டில் வைத்துவிட்டு வந்துவிட வேண்டியது.

என் முதல் குடுவை பழுப்பாகவே இல்லை. சில்வர் நைட்ரேட் சேர்த்ததும் பால் தெளித்தது போல வெண்மையாகக் கலங்கி, மறுநாள் அடியில் சாம்பல் வண்டலாகப் படிந்துவிட்டது. மூன்று வாரம் பூஞ்சை வளர்த்த உழைப்பு வீண் என்று உட்கார்ந்திருந்தேன். ஆய்வக உதவியாளர் அண்ணன் குடுவையை ஒருமுறை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

“ஏம்மா, குழாய்த் தண்ணியிலயா அலசுனே?”

“கடைசி அலசு மட்டுந்தாண்ணே. வடிச்ச தண்ணி தீர்ந்துபோச்சு.”

“நம்ம போர்த் தண்ணி கரிக்கும்மா. உப்பு பட்டா வெள்ளி உறைஞ்சிரும். மறுபடி போடு. நாளைக்கு ரெண்டு கேன் வடிச்சு வைக்கிறேன்.”

கரிக்கும் தண்ணீரின் குளோரைடு, வெள்ளியைப் பூஞ்சை நீர் தொடுவதற்கு முன்பே பிடித்துக்கொண்டுவிட்டது. இரண்டாம் முறை மூன்று குடுவைகள் வைத்தேன்: பூஞ்சை நீர் மட்டும் ஒன்று, சில்வர் நைட்ரேட் மட்டும் ஒன்று, இரண்டும் சேர்ந்தது ஒன்று. காலையில் அலமாரியைத் திறந்தபோது முதல் இரண்டும் வைத்தது வைத்தபடி இருந்தன. மூன்றாவது, பால் சேர்க்காத கடுந்தேநீரின் நிறத்தில் நின்றது. அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை, சிரித்துக்கொண்டே போனார்.

வெள்ளி ஏன் பழுப்பாகிறது? 10 நானோமீட்டர் துகளில் ஏறத்தாழ 30,000 வெள்ளி அணுக்களே இருக்கும். அந்தச் சிறிய இடத்தில் அடைபட்ட எலக்ட்ரான்கள் ஒளி பட்டதும் ஒன்றாகச் சேர்ந்து ஊசலாடுகின்றன. அதற்காக 420 நானோமீட்டர் சுற்றுவட்டாரத்து ஊதா ஒளியை விழுங்கிக்கொள்கின்றன. மிஞ்சிய ஒளி நம் கண்ணுக்கு மஞ்சளும் பழுப்புமாகத் தெரிகிறது. குடுவையில் இருந்த வெள்ளி முழுவதும் இந்த அளவுத் துகளாக மாறினால், இருபது கோடி கோடித் துகள்கள் வரும். பரப்பளவைக் கணக்கிட்டால் இன்னும் மலைப்பு. ஒரு கிராம் வெள்ளியைக் கனசதுரமாக வெட்டினால் பக்கம் அரை சென்டிமீட்டருக்கும் குறைவு, பரப்பு விரல் நகமளவு. அதே ஒரு கிராமை 10 நானோமீட்டர் துகள்களாக்கினால் 600 சதுர அடிக்கு மேல், ஒரு சிறிய வீட்டின் தரைப்பரப்பு. அயனி கழன்று வருவது மேற்பரப்பிலிருந்துதான் என்பதால், வீரியத்தின் ரகசியமே இந்தக் கணக்கில் இருக்கிறது.

நம்மூரிலும் இந்தத் துகளுக்குப் பிறந்த வீடுகள் உண்டு. வெள்ளாறு கடலில் கலக்கும் பரங்கிப்பேட்டையில், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையத்தில் கதிரேசன் குழுவினர் அலையாத்திக் காட்டு மண்ணிலிருந்து பெனிசிலியம் ஃபெலுட்டானம் என்ற பூஞ்சையைப் பிரித்து, 2009இல் அதன் நீரில் வெள்ளித் துகளைச் செய்தார்கள். சில நிமிடங்களிலேயே வேலை தொடங்கியது. 5 டிகிரிக் குளிரில், 0.3 சதவீத உப்பு இருந்தபோது விளைச்சல் உச்சம் தொட்டது. உப்பால் ஒரு குடுவையை இழந்த எனக்கு அந்த வரி நம்ப முடியாததாக இருந்தது; கடலோரத்துப் பூஞ்சையின் சுபாவமே வேறு போலும் என்று திரும்பத் திரும்பப் படித்தேன்.

கிண்டியில், சென்னைப் பல்கலைக்கழகத்தின் தாவரவியல் மையத்தில் கலைச்செல்வன் குழு எடுத்துக்கொண்டது டிரைக்கோடெர்மா விரிடி. விதை நேர்த்திக்கும் வேரழுகலுக்கும் வேளாண் விரிவாக்க மையத்தில் பொட்டலமாக வாங்கி வருவோமே, அதே பூஞ்சை. அதில் செய்த துகளை ஆம்பிசிலின், கனமைசின், எரித்ரோமைசின், குளோராம்ஃபெனிகால் ஆகிய மருந்துகளோடு சேர்த்துச் சோதித்து 2010இல் வெளியிட்டார்கள். துகள் சேர்ந்தபோது மருந்துகளின் வீரியம் கூடியது, ஆம்பிசிலினுக்கு மிக அதிகமாக. ஆம்பிசிலினுக்கு அசையாத கிருமிகள் பெருகிவிட்ட காலத்தில், பழைய மருந்துக்கு ஒரு துணைக்கைத்தடி கிடைப்பது பெரிய சங்கதி. இந்தத் துறையில் நான் மிகவும் நம்பிக்கை வைத்திருப்பது இந்தக் கிளையில்தான்.

துகள் புண்ணுக்கு வந்துவிட்டதென்று வைத்துக்கொள்வோம். சீழ் உண்டாக்கும் ஸ்டெஃபைலோகாக்கஸ் கிருமி ஏறக்குறைய 1,000 நானோமீட்டர். அதன் அருகே 10 நானோமீட்டர் துகள், பூசணிக்காய்மேல் ஒட்டிய கடுகு. காற்றின் ஆக்ஸிஜன் பட்டு, துகளின் மேற்பரப்பிலிருந்து அயனி ஒவ்வொன்றாகக் கழல்கிறது. கிருமியின் புரதங்களில் கந்தகம் இருக்கும் இடங்களைத் தேடிப் பிடித்து ஒட்டுகிறது. சவ்வு பழுதாகிறது, மூச்சுவிடும் இயந்திரம் நிற்கிறது. அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தார் 2012இல் ஆக்ஸிஜனே இல்லாத சூழலில் துகளைச் சோதித்தார்கள். கிருமிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. கொல்வது அயனி, துகள் அதைச் சுமந்து வரும் வண்டி என்பது அப்போது உறுதிப்பட்டது. கந்தகத்தோடு பிறந்து, கந்தகத்திலிருந்து பிரிக்கப்பட்ட வெள்ளி, புண்ணுக்குள்ளும் கந்தகத்தைத்தான் தேடுகிறது.

வெள்ளிக்குக் கிருமிகள் பழகாது என்று சொல்வோர் உண்டு, அது தவறு. பாஸ்டன் மருத்துவமனை ஒன்றின் தீக்காயப் பிரிவில், சில்வர் நைட்ரேட்டுக்கும் ஆம்பிசிலினுக்கும் அடங்காத சால்மொனெல்லா பரவியதை 1975லேயே பதிவு செய்தார்கள். வெள்ளியை வெளியே தள்ளும் மரபணுக்களை அது சுமந்திருந்தது. கண்ட பொருளிலும் வெள்ளியைப் பூசி விற்பது, நாளைக்கு ஒரு தீக்காய நோயாளிக்குத் தேவைப்படும் மருந்தை இன்றே மழுங்கடிப்பதாகும். வெள்ளி நீரைக் குடித்தால் எல்லா நோயும் தீரும் என்று பாட்டிலில் விற்கிறவர்களைக் கண்டால் இன்னும் கோபம் வரும். அப்படிக் கடையில் விற்கும் வெள்ளிக் கூழ்மங்கள் பாதுகாப்பானவையாகவோ பயனுள்ளவையாகவோ ஏற்கப்பட்டவை அல்ல என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 1999லேயே அறிவித்துவிட்டது. தொடர்ந்து குடித்தால் தோல் நீலச்சாம்பலாகி, அந்த நிறம் நிலைத்துவிடும். என் கட்டைவிரல் கறை உடம்பெல்லாம் வந்தது போல. தோல் உரிந்தாலும் போகாது.

பூஞ்சைத் துகளுக்குக் குடுவையிலிருந்து கட்டுத்துணி வரையான தூரம் நீளமானது. ஒரே பூஞ்சையின் இரண்டு வகைகள் இரண்டு அளவுத் துகளைத் தருகின்றன. ஒரே வகையும் வளர்ந்த நாள், வெப்பம், அமிலத்தன்மை மாறினால் விளைச்சலை மாற்றுகிறது. மருந்துக்கு இது ஒத்துவராது; இன்றைய தொகுதியும் அடுத்த மாதத் தொகுதியும் ஒன்றாக இருந்தாக வேண்டும். இன்னொன்று பாதுகாப்பு. வயல் வேலையில் கண்ணில் சோகையோ நெல் சுணையோ பட்டு வரும் கருவிழிப் புண்ணுக்குத் தமிழ்நாட்டில் முக்கியக் காரணங்களில் ஒன்று ஃபியூசேரியம். அதன் வித்து ஒன்றுகூடப் புண்ணுக்குள் போகக் கூடாது. 0.2 மைக்ரான் வடிகட்டியில் வித்து நிற்கும், துகள் கடந்துவிடும். பூஞ்சை சுரந்த நச்சுகள் கரைந்திருந்தால் அவையும் கூடவே கடந்துவிடும் என்பதுதான் கவலை. துகளைப் போர்த்திய புரதத்தில் நன்மை, சிக்கல் இரண்டும் உண்டு. அது துகள்களைக் கட்டி தட்டாமல் மாதக்கணக்கில் காக்கிறது, வேறு வேதிப்பொருள் தேவையில்லாமல் செய்கிறது. பூஞ்சை நமக்குத் தந்த உண்மையான கொடை அந்தப் போர்வை என்றே நினைக்கிறேன். ஆனால் அதில் என்னென்ன புரதம், எவ்வளவு என்று எழுதித் தராமல் எந்த மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலரும் கையெழுத்துப் போட மாட்டார், போடவும் கூடாது.

கடைசியாக ஒன்று. ஆய்வு முடிந்த நாளில் எங்கள் பழுப்புக் குடுவைகளை நாங்கள் கழுவி ஊற்றியது சாதாரணத் தொட்டியில்தான். ‘பசுமை முறை’ என்று ஆய்வேட்டின் முதல் பக்கத்தில் எழுதியிருந்த கையே குழாயைத் திறந்துவிட்டது. வெள்ளி அயனி மீனுக்கும் நீர்வாழ் நுண்ணுயிர்களுக்கும் கடும் நஞ்சு என்று பரீட்சையில் எழுதித் தேறியவர்கள் நாங்கள். துரான் குழு 2007இல் அதே ஃபியூசேரியத் துகளைப் பருத்தித் துணியில் ஏற்றி, ஸ்டெஃபைலோகாக்கஸ் அதில் வளராததைக் காட்டியதோடு நிற்கவில்லை. துணியை அலசிய நீரையும் சேகரித்து, குரோமோபாக்டீரியம் வயலேசியம் என்ற பாக்டீரியாவைக் கொண்டு அதிலிருந்த வெள்ளியை அகற்றிப் பார்த்தார்கள். அந்தக் கட்டுரையை அந்தப் பத்திக்காகவே மதிக்கிறேன்.

கழிவுநீரில் கலந்த துகள் என்ன ஆகிறது? சாக்கடையில் அழுகும் பொருள்களிலிருந்து வரும் கந்தகம் அதைப் பிடித்துக்கொள்கிறது. 2010இல் அமெரிக்கக் கழிவுநீர் நிலையம் ஒன்றின் வண்டலை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தவர்கள், 5 முதல் 20 நானோமீட்டர் அளவுள்ள வெள்ளி சல்பைடுத் துகள்களைக் கண்டார்கள். நீரில் கரையாத, அயனியை எளிதில் விடாத, ஏறக்குறைய அடங்கிப்போன வடிவம் அது. அங்கே போய்ச் சேரும் வரை வழியில் எதைத் தொட்டது என்பதுதான் கேள்வி. சாக்கடை சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகாமல் நேராக ஆற்றுக்குப் போகும் ஊர்களில் அந்தக் கேள்வி இன்னும் கனமானது.

பண்டிகைக்கு முன் அம்மா பீரோவிலிருந்து என் பழைய கொலுசை எடுத்துப் போட்டு, விபூதியைத் தொட்டுத் தொட்டுத் தேய்ப்பார். காற்றிலிருந்த கந்தகம் படிந்து கொலுசு கறுத்திருக்கும். வெளுக்க வெளுக்கத் துணியில் ஏறும் அந்தக் கறுப்பும் வெள்ளி சல்பைடுதான். தேய்த்து முடித்ததும் துணியை வாளித் தண்ணீரில் முக்கி அலசி, தண்ணீரைக் கொல்லைப்புறக் கிணற்றடியில் ஊற்றிவிட்டுப் போவார்.